டிராக்டருக்கு எத்தனை விளக்கு?



மேட்டூர் அணையைக் குறுவைப் பாசனத்துக்குத் திறக்க ஜூன் 12 என்று ஒரு நாளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் அன்று புறப்படும் தண்ணீர், சில நாட்களில் கல்லணைக்கு வந்து, அங்கே பிரிந்து, டெல்டாவின் வாய்க்கால்களுக்குள் நுழைகிறது. ஓர் ஊரின் வயல்களுக்கெல்லாம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தண்ணீர் வந்து சேரும். எல்லா வயல்களையும் ஒரே சமயத்தில் சேறடிக்க வேண்டும். ஊரில் இருக்கும் டிராக்டர்களோ நாலைந்துதான். எனவே பகலில் முடியாத உழவு இரவுக்குப் போகிறது. உங்கள் ஊர் காவிரிப் பாசனத்தில் இருந்தால், அந்த நாட்களில் நள்ளிரவிலும் டிராக்டர் ஓடும் ஓசையைப் படுக்கையிலிருந்தே கேட்டிருப்பீர்கள்.

அப்படிப்பட்ட ஓர் இரவில் நான் என் மாமாவின் வயல் வரப்பில் நின்றிருந்தேன். அவருடைய டிராக்டரின் கூரைக் குழாயில் நான்கு பெரிய போகஸ் லைட்டுகள் வரிசையாக எரிந்தன. பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றி, அந்த வாரந்தான் மாட்டியவை. எதிர்வரப்பில் இருந்த தென்னை மரங்களின் கீற்றைக் கூட எண்ணிவிடலாம் போல அவ்வளவு வெளிச்சம். மாமாவின் மகன், எட்டாம் வகுப்பு படிப்பவன், தூக்குச் சட்டியில் தேநீர் கொண்டு வந்தான். வயல் மூலைக்கு வந்த மாமா, திரும்புவதற்காக வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். பையன் பின்பக்கம், இடது மட்கார்டுக்கு இரண்டு முழ தூரத்தில் நின்றிருந்தான். ரோட்டவேட்டரின் கத்திகள் சுழன்றுகொண்டிருந்தன. பின்னுக்கு எடுக்கும்போது ரோட்டவேட்டரின் சுழற்சியை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. இரவில், அவசரத்தில், பலர் அதைச் செய்வதில்லை. நான் கத்தியது எஞ்சின் ஓசையில் அவருக்குக் கேட்கவில்லை. கையிலிருந்த டார்ச்சை அவர் முகத்துக்கு நேரே ஆட்டிய பிறகுதான் நிறுத்தினார்.

"நாலு லைட் எரியுது. நீ நிக்கிறது எனக்குத் தெரியலையேடா" என்றார் மகனிடம். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பையன் என்னிடம் கேட்டான்: "அத்தான், நாலுக்குப் பதிலா எட்டு லைட் போட்டா அப்பாவுக்கு நான் தெரிவேனா?"

நல்ல கேள்வி. அதற்கு விடை காண உங்கள் பௌதிகப் பாடப் புத்தகத்தில் உள்ள ஒளியியல், மின்னியல் ஆகிய இரண்டு பாடங்களும் போதும். வாருங்கள், பார்ப்போம்.

கண்ணுக்கு எவ்வளவு ஒளி வேண்டும்?

ஒரு பரப்பின் மீது விழும் ஒளியின் அளவை லக்ஸ் என்னும் அலகால் குறிக்கிறோம். உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். முழுநிலா வெளிச்சமோ கால் லக்ஸ் அளவுதான். இரண்டுக்கும் இடையே நான்கு லட்சம் மடங்கு வேறுபாடு! ஆனாலும் பௌர்ணமி இரவில் வரப்பில் நடக்க நமக்கு முடிகிறது அல்லவா?

இதற்குக் காரணம், கண் தன்னை ஒளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதுதான். இருட்டில் கண்ணின் பாவை விரிகிறது. உங்கள் வயதில் அது 2 மில்லிமீட்டரிலிருந்து 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஆனால் அது சிறு உதவிதான். பெரிய வேலையைச் செய்வது விழித்திரை. மங்கலான ஒளிக்கென்றே அமைந்த கோல் செல்கள் மெல்ல மெல்ல உணர்வு கூடப் பெறுகின்றன. இருட்டுக்கு முழுவதும் பழக அவற்றுக்கு 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். ஆனால் ஒரு பளிச்சென்ற ஒளியைப் பார்த்தால் போதும், சில நொடிகளில் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது மாமாவின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் எதிரே நான்கு விளக்குகள் பகலாக்கி வைத்திருந்தன. பின்பக்கம் ஒரு விளக்கும் இல்லை. முன்னே பார்த்துப் பழகிய கண்ணோடு அவர் சட்டென்று தலையைத் திருப்பினார். பின்பக்கம் உண்மையில் நட்சத்திர ஒளியும் சிதறிய வெளிச்சமும் கொஞ்சம் இருந்தன. வரப்பில் இருட்டில் நின்ற எனக்கு அதில் பையன் தெரிந்தான். அவருக்கோ அது கரிய சுவர். முன்னே இருந்த வெளிச்சந்தான் பின்னே அவரைக் குருடாக்கியது. முன்பக்கம் எட்டு விளக்கு மாட்டியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

அவருக்கு வயது 58 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயது ஏறஏறப் பாவை விரிவது குறைகிறது. 7 மில்லிமீட்டர் விரியும் பாவையையும் 5 மில்லிமீட்டர் விரியும் பாவையையும் ஒப்பிடுங்கள். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; 49-க்கு 25. அதாவது, உங்கள் கண்ணுக்குள் போகும் ஒளியில் பாதிதான் அவர் கண்ணுக்குள் போகும். இது தவிர, கூச்சம் தெளியவும் அவருக்கு அதிக நேரம் ஆகும்.

குவியும் ஒளி, விரியும் ஒளி

ஒரு விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியை லூமென் என்னும் அலகால் அளக்கிறோம். விளக்குப் பெட்டியின் மேல் எழுதியிருப்பது பெரும்பாலும் இதுதான். ஆனால் அந்த ஒளியை எவ்வளவு பரப்பில் கொட்டுகிறோம் என்பதே வயலில் முக்கியம்.

1,000 லூமென் ஒளியை 10 டிகிரி கோணமுள்ள குறுகிய கூம்பாகக் குவிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் தொலைவில் அந்த வட்டத்தின் ஆரம் 44 சென்டிமீட்டர். பரப்பு 0.6 சதுர மீட்டர். எனவே அங்கே விழுவது ஏறத்தாழ 1,670 லக்ஸ். அதே ஒளியை 60 டிகிரி கூம்பாக விரித்தால் ஆரம் 2.9 மீட்டராகும், பரப்பு 26 சதுர மீட்டர், கிடைப்பது 38 லக்ஸ்.

கடையில் இரண்டையும் சுவரில் அடித்துக் காட்டினால் நீங்கள் எதை வாங்குவீர்கள்? 1,670 லக்ஸ் விளக்கைத்தான் வாங்குவீர்கள். மாமாவும் அப்படித்தான் செய்தார். ஆனால் 38 லக்ஸ் என்பது முழுநிலா வெளிச்சத்தைப் போல் 150 மடங்கு என்பதை மறந்துவிடாதீர்கள். உழுவதற்கு அது தாராளம். தென்னை மரத்தின் கீற்றை எண்ண வேண்டிய அவசியம் உழுபவருக்கு இல்லை. அவர் பார்க்க வேண்டியது முன்சக்கரத்துக்கு ஏழெட்டு மீட்டர் முன்னால் உள்ள வரப்பும், பக்கத்தில் உள்ள மனிதரும், பின்னால் சுழலும் கருவியுந்தான். சாலையில் வேகமாகப் போகும் லாரிக்குத் தொலைவில் பாயும் குவி ஒளி தேவை. மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் வேகத்தில் சேற்றில் ஊரும் டிராக்டருக்கு விரி ஒளியே ஏற்றது.

தண்ணீர் செய்யும் மாயம்

சேற்று வயலில் ஒரு வேடிக்கை உண்டு. எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் தரை கறுப்பாகவே தெரியும். ஆனால் எதிர்வரப்பில் நிற்பவருக்குக் கண் கூசும். ஏன்?

காய்ந்த மண் தன் மீது விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. அதில் ஒரு பங்கு நம் கண்ணுக்குத் திரும்புகிறது. நீர்ப்பரப்போ கண்ணாடி போன்றது. படுகோணம் எவ்வளவோ அவ்வளவே மீள்கோணம். எதிர்நோக்கிப் போகும் ஒளி மேலும் எதிர்நோக்கியே தெறித்துப் போய்விடுகிறது. ஓட்டுநரிடம் அது திரும்புவதில்லை.

எவ்வளவு தெறிக்கும் என்பது ஒளி விழும் சாய்வைப் பொறுத்தது. நீரின் மேல் நேர்க்குத்தாக விழும் ஒளியில் 100-க்கு 2 பங்குதான் பிரதிபலிக்கும். மீதி உள்ளே போய்ச் சேற்றில் பட்டுச் சிதறும். ஆனால் நீர்ப்பரப்பை உரசுவது போல் விழுந்தால் கதையே வேறு. தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் உள்ள முகப்பு விளக்கு 10 மீட்டர் முன்னால் உள்ள நீரில் படும்போது, குத்துக்கோட்டோடு ஏறத்தாழ 83 டிகிரி சாய்வாக விழுகிறது. அப்போது 100-க்கு 47 பங்கு ஒளி தெறித்துவிடும். அதே விளக்கைக் கூரையில், 2.4 மீட்டர் உயரத்தில் மாட்டி, 6 மீட்டர் முன்னால் படும்படி தாழ்த்தினால் சாய்வு 68 டிகிரி ஆகும். தெறிப்பது 100-க்கு 11 பங்குதான்!

எனவே சேற்றுழவுக்கு விளக்கு உயரத்தில் இருக்க வேண்டும். முகம் நன்றாகக் கவிழ்ந்திருக்க வேண்டும். மாமாவின் விளக்குகளும் உயரத்தில்தான் இருந்தன. ஆனால் அவை கவிழாமல் நேராக எதிர்வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தன.

புழுதி உழவுக்கு இது அப்படியே பொருந்தாது. கோடையில் காய்ந்த நிலத்தை உழும்போது புழுதி எழும். அந்தத் தூசியின் ஒவ்வொரு துகளும் ஒளியைப் பின்னோக்கிச் சிதறடிக்கும். விளக்கு ஓட்டுநரின் தலைக்கு அருகில் இருந்தால், அவருடைய பார்வைக்கோட்டில் உள்ள தூசி முழுவதும் ஒளிர்ந்து, வெள்ளைத் திரை போட்டது போல் ஆகிவிடும். மார்கழிப் பனியில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? டார்ச்சைக் கண் அருகே பிடித்தால் வெண்புகைதான் தெரியும். இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடியுங்கள், பாதை தெரியும். மோட்டார் வண்டிகளில் பனி விளக்கைத் தாழ்வாக மாட்டுவது இதனால்தான். மஞ்சள் ஒளி தூசியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று சிலர் சொல்வார்கள். வானத்தை நீலமாக்கும் சிதறல் மிக நுண்ணிய துகள்களுக்கு உரியது. உழவுத் தூசியின் துகள்கள் அவற்றைவிட மிகப் பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கின்றன. ஆகவே நிறத்தை மாற்றுவதைவிட இடத்தை மாற்றுவதே பயன் தரும்.

செய்து பாருங்கள்

ஒரு போர்வையைக் கசக்கி, மேடும் பள்ளமுமாகத் தரையில் பரப்புங்கள். அறை இருட்டாக இருக்கட்டும். ஒரு டார்ச்சை உங்கள் நெற்றியோடு ஒட்டிப் பிடித்துப் போர்வையைப் பாருங்கள். மடிப்புகள் மறைந்து, எல்லாம் தட்டையாகத் தெரியும். இப்போது டார்ச்சைக் கை நீட்டும் தூரத்தில் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல் விழுந்து, மேடு பள்ளம் துலக்கமாகிவிடும்.

கண் மேடு பள்ளங்களை அறிவது பெரும்பாலும் நிழலைக் கொண்டே. ஒளி வரும் திசையும் நாம் பார்க்கும் திசையும் ஒன்றாக இருந்தால், நிழல்கள் பொருள்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கலப்பை போன சாலையின் விளிம்பை ஒட்டியே அடுத்த சாலை ஓட்ட வேண்டிய ஓட்டுநருக்கு அந்த நிழல்தான் வழிகாட்டி. எனவே விளக்குகளை அவர் தலைக்கு நேர் மேலே நடுவில் மாட்டாமல், கூரையின் இரண்டு ஓரங்களிலும் மாட்டுவது நல்லது.

பின்பக்கத்துக்கு வருவோம். இங்கே நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. கருவியின் மீதும் அதன் அருகிலும் இருட்டு நிழலே இருக்கக் கூடாது. ஒரே விளக்கை நடுவில் மாட்டினால் ஓட்டுநரின் முதுகோ இருக்கையோ மறைக்கும். மட்கார்டுக்குப் பின்னே ஒரு கரிய மூலை உண்டாகும். அன்று பையன் நின்றது அப்படிப்பட்ட மூலையில்தான். ஆகவே இரண்டு விளக்குகள் வேண்டும். இடப்பக்கத்து விளக்கு வலப்பக்கம் நோக்கியும், வலப்பக்கத்து விளக்கு இடப்பக்கம் நோக்கியும் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றின் நிழலை மற்றொன்று நிரப்பிவிடும்.

மாட்டுவதில் ஓர் எச்சரிக்கை. சில டிராக்டர்களில் ஓட்டுநருக்குப் பின்னால் தடித்த இரும்பு வளைவு ஒன்று இருக்கும். வண்டி கவிழ்ந்தால் அவரை நசுங்காமல் காப்பது அது. விளக்கு மாட்டுவதற்காக அதில் துளை போடவோ பற்றவைக்கவோ கூடாது. துளையைச் சுற்றித்தான் தகைவு குவியும். வளைவு முதலில் முறிவது அங்கேதான். அதைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்பைப் பயன்படுத்தினால் போதும். டிராக்டரின் அதிர்வில் சாதாரண மரையாணி இரண்டே நாளில் தளர்ந்துவிடும் என்பதால், ஸ்பிரிங் வாஷரோ நைலான் வளையம் உள்ள மரையோ போட வேண்டும்.

ஹாலஜனா, எல்.இ.டி.யா?

ஹாலஜன் விளக்கில் டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 3,000 கெல்வின் வெப்பநிலையில் கனன்று ஒளி தருகிறது. 55 வாட் பல்பு ஒன்று ஏறத்தாழ 1,400 லூமென் கொடுக்கும். அதாவது வாட்டுக்கு 25 லூமென். மீதி ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகிறது. சூட்டில் இளகி நிற்கும் இழைக்கு டிராக்டரின் குலுக்கல் பெரிய எதிரி. எல்.இ.டி.யில் இழையே கிடையாது. நீல ஒளி உமிழும் குறைகடத்திச் சில்லின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு இருக்கும். நீலமும் மஞ்சளும் சேர்ந்து நமக்கு வெண்மையாகத் தெரிகின்றன. திறமையான நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நன்கு செய்யப்பட்ட எல்.இ.டி. வேலை விளக்கு வாட்டுக்கு 80 முதல் 100 லூமென் தருகிறது. எனவே 55 வாட் ஹாலஜன் செய்யும் வேலையை 18 வாட் எல்.இ.டி. செய்துவிடும்.

ஆனால் எல்.இ.டி.யும் சூடாகும். சூடு மிஞ்சினால் ஒளி மங்கும், ஆயுளும் குறையும். அதற்காகவே முதுகில் அலுமினியச் சிறகுகள் வைத்திருக்கிறார்கள். சேற்றுழவு முடிந்ததும் அந்தச் சிறகுகளுக்கு இடையே அப்பியிருக்கும் சேற்றைக் கழுவ வேண்டும். விளக்கின் மேல் ஐ.பி. 67 என்று எழுதியிருந்தால், 6 என்பது தூசி புகாது என்பதையும், 7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்பதையும் குறிக்கும். சர்வீஸ் நிலையத்தில் பீய்ச்சும் அழுத்த நீரைத் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை.

சந்தையில் உள்ளங்கை அளவு விளக்கின் மேல் 200 வாட், 300 வாட் என்று அச்சிட்டு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம்புவதற்கு முன் அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, விளக்கோடு தொடராக இணைத்து, ஒரு 12 வோல்ட் பாட்டரியில் எரியவிடுங்கள். மீட்டர் 1.6 ஆம்பியர் காட்டுகிறது, பாட்டரியின் மின்னழுத்தம் 12.5 வோல்ட் என்றால், பெருக்கிப் பாருங்கள்: 20 வாட்! அச்சிட்ட எண் என்னவாக இருந்தாலும் அந்த விளக்கு 20 வாட் விளக்குதான். உங்கள் பள்ளி ஆய்வகத்து அம்மீட்டரே இதற்குப் போதும். அளவுமானி தாங்கும் மின்னோட்டத்தை மட்டும் முதலில் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பி ஏன் சுட்டது?

மறுநாள் காலை மாமாவின் டிராக்டரைப் பார்த்தேன். நான்கு விளக்குகளையும் எரியவிட்டுச் சிறிது நேரம் கழித்து, பாட்டரியிலிருந்து கூரைக்குப் போகும் கம்பியைத் தொட்டேன். சுட்டது. அது வீட்டு விளக்குகளுக்கு இழுக்கும் 1 சதுர மில்லிமீட்டர் கம்பி. டீசல் குழாயோடு சேர்த்து நூலால் கட்டப்பட்டிருந்தது. நடுவில் ஃப்யூஸ் இல்லை.

"வீட்டுல இதே ஒயர்லதானே மாப்ளே அவ்வளவு லைட்டும் எரியுது?" என்றார் மாமா.

நியாயமான ஐயந்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 55 வாட் பல்பு 0.24 ஆம்பியர் எடுக்கும். டிராக்டரின் 12 வோல்ட்டில் அதே 55 வாட்டுக்கு 4.6 ஆம்பியர் வேண்டும். 19 மடங்கு! கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அதே விளக்கு அதே கம்பியை ஏறத்தாழ 360 மடங்கு அதிகமாகச் சூடாக்குகிறது. வோல்ட் குறைவாக இருப்பதால் டிராக்டரில் ஷாக் அடிக்காது என்பது உண்மை. தீப்பிடிக்காது என்று எண்ணுவது தவறு.

1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.0172 ஓம். பாட்டரியிலிருந்து கூரைவரை 5 மீட்டருக்கு 0.086 ஓம். மிகச் சிறிய எண்ணாகத் தோன்றுகிறது அல்லவா? நான்கு விளக்குகளும் சேர்ந்து 220 வாட், மின்னோட்டம் 18.3 ஆம்பியர். ஓம் விதிப்படி கம்பியில் மட்டுமே 1.6 வோல்ட் போய்விடுகிறது. எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 14 வோல்ட்டில் இது 11 சதவீதம். ஹாலஜன் பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும். மின்னழுத்தத்தில் 10 சதவீதம் குறைந்தால் ஒளியில் 30 சதவீதம் போய்விடும். அதாவது மாமா வாங்கிய வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கம்பியிலேயே தொலைந்தது. கம்பியில் உண்டான வெப்பம் 29 வாட். ஒரு சிறிய சோல்டரிங் இரும்பைச் சூடாக்க இது போதும். அதைத்தான் அவர் டீசல் குழாயோடு கட்டி வைத்திருந்தார்.

ஆல்டர்னேட்டரின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். நம் நாட்டு டிராக்டர்களில் 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் பரவலாகக் காணப்படுகிறது. எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போதுதான் அந்த அளவு கிடைக்கும். மெதுவாக ஓடினால் குறையும். போகஸ் லைட்டுகளுக்கு 18 ஆம்பியர். 55 வாட் முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்தால் இன்னும் 9 ஆம்பியர். மீதியில்தான் பாட்டரிக்கு ஏற்றம் கிடைக்க வேண்டும். சில இரவுகள் இப்படி ஓட்டினால், ஒரு நாள் விடியற்காலையில் நடுவயலில் நிறுத்திய வண்டி மறுபடி கிளம்பாது.

அன்று பிற்பகலிலேயே எல்லாவற்றையும் கழற்றினோம். பக்கத்து ஊர் ஒயரிங் கடைக்காரர் ஒருவர் உதவினார். நான்கு 18 வாட் விரி ஒளி எல்.இ.டி. விளக்குகள். மொத்தம் 72 வாட், 6 ஆம்பியர். பல இழைகள் கொண்ட 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி. இழைகள் பல இருந்தால்தான் அதிர்வில் ஒடியாது. இப்போது கம்பியில் இழப்பு 0.2 வோல்ட், வெப்பம் ஒன்றேகால் வாட். முன்பிருந்த 29 வாட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கம்பியை டீசல் குழாயையும் புகைக்குழாயையும் விட்டு விலக்கி, பிளாஸ்டிக் உறைக்குள் செலுத்தினோம். திரும்பி வரும் இணைப்பை, துருப்பிடித்த கூரைக் குழாயை நம்பி விடாமல், எஞ்சின் உடலில் பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் இறுக்கினோம்.

பாட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃப்யூஸ். இதில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. ஃப்யூஸ் விளக்கைக் காப்பதற்காக அல்ல, கம்பியைக் காப்பதற்காக. கம்பியின் உறை எங்காவது தேய்ந்து இரும்பில் தொட்டால், பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதன் வழியே கொட்டிவிடும். ஃப்யூஸ் கூரைக்குப் பக்கத்தில் இருந்தால், பாட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடையே உள்ள கம்பிக்குக் காவலே இல்லை. அது போனால் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டுகிற வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. காவற்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது அது.

சுவிட்சுக்கும் விளக்குகளுக்கும் நடுவே ரிலே ஒன்று வைத்தார் கடைக்காரர். ரிலே என்பது ஒரு சிறு மின்காந்தம். சுவிட்ச் வழியே காந்தச் சுருளுக்கு ஓர் ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே போகும். காந்தம் இழுத்து மூடும் தடித்த தொடுமுனைகள் வழியே விளக்கின் மின்னோட்டம் போகும். 18 ஆம்பியருக்கு ரிலே கட்டாயம் வேண்டும். 6 ஆம்பியருக்கு நல்ல சுவிட்சே போதும் என்பது என் கருத்து. அவர் கேட்கவில்லை.

முன்னே இரண்டும் பின்னே இரண்டும் தனித்தனிச் சுவிட்சுகளில் இருக்கின்றன. இதற்குக் காரணம் உண்டு. வயலிலிருந்து சாலைக்கு ஏறும்போது பின்விளக்குகளை அணைத்தாக வேண்டும். பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு வெள்ளை ஒளி என்றால் எதிரே வரும் வண்டி என்று பொருள். வண்டியின் பின்புறத்தைக் காட்டும் சிவப்பு விளக்கும் அந்த வெள்ளையில் மூழ்கிப்போகும்.

இருட்டியதும் எல்லோரும் வயலுக்குப் போனோம். எஞ்சினை ஓடவிட்டு, ரோட்டவேட்டரை நிறுத்தி வைத்து, மாமா இருக்கையில் அமர்ந்தார். பையன் டிராக்டரைச் சுற்றி மெதுவாக நடந்தான். அவன் தெரியாமல் போகும் இடத்தில் மாமா ஹாரன் அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் சுற்றில் இரண்டு இடங்களில் ஹாரன் அடித்தது. பின்விளக்குகளை இன்னும் கொஞ்சம் குறுக்காகத் திருப்பினோம். இரண்டாம் சுற்றில் ஓர் இடத்தில் மட்டும் அடித்தது: வலது பெரிய சக்கரத்தை ஒட்டி, மட்கார்டின் அடியில். அந்த இடத்துக்கு எந்த விளக்காலும் ஒளி போகவில்லை. தேநீர் கொண்டு வருபவர் இனி வரப்பில் நின்று டார்ச் காட்ட வேண்டும், வண்டி நின்ற பிறகே இறங்க வேண்டும் என்று முடிவாயிற்று.

உங்களுக்கு ஒரு கணக்கு

டிராக்டரின் டிரெய்லரில் மூட்டை இறக்குவதற்காக 36 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை மாட்ட வேண்டும். பாட்டரியிலிருந்து தூரம் 8 மீட்டர். டிரெய்லரின் இணைப்புக் கொக்கியை நம்ப முடியாது என்பதால், போவதற்கு ஒன்றும் வருவதற்கு ஒன்றுமாக இரண்டு கம்பிகள் இழுக்கிறோம். கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர். மின்னழுத்தம் 12 வோல்ட் என்று கொண்டு, கம்பிகளில் எவ்வளவு வோல்ட் இழக்கிறோம், எத்தனை வாட் வெப்பமாகிறது என்று கண்டுபிடியுங்கள்.

விடை: ஏறத்தாழ 0.55 வோல்ட், 1.65 வாட்.